மண்ணெண்ணெய் வரிசையில் என் மகன்

கண்ணு, இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். நான் இப்படிக் கூப்பிடுவது உனக்குக் கூச்சமாகக்கூட இருக்கலாம். இப்போது உனக்கு ஒன்பது வயது. வில்லியனூரில் மாமா வீட்டில் இருக்கிறாய். நான் கடல் தாண்டி வேறொரு தேசத்தில், ஓட்டல் அறையில், மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மணிக்குப் பேச்சுவார்த்தை. அதற்குள் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் வைத்திருந்தால் திருத்த ஆரம்பித்துவிடுவேன். திருத்துவதுதான் என் உத்தியோகம். யார் செய்தார்கள் என்பதே தெரியாதபடி ஒரு தப்பை எழுதிக் காட்ட எனக்கு நன்றாகத் தெரியும். உன்னிடம் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், எண்ணெய் வாங்கப் போவாள் என்று நீ சொல்வாயாம். போன வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தபோது, "எண்ணெய் வாங்க எதுக்கும்மா ஏரோப்ளேன்ல போற? நம்ம கடையிலயே இருக்குதே" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்காமல் பதில் சொல்லியிருக்கலாம். மாமா கடையில் நிற்கும் பீப்பாய்க்குள் இருப்பது இந்தத் தேசத்து மணலுக்கு அடியிலிருந்து வருகிறது. எண்ணெய் உள்ள நாடுகள் எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றிய பிறகு, நம்மைப்போல் எண்ணெய் இல்லாத நாடுகள் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு தருவீர்கள், என்ன விலை, பணத்தை எப்போது கொடுத்தால் போதும், யார் கப்பலில் ஏற்றுவது, பதிலுக்கு எங்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்வீர்களா, எங்கள் எஞ்சினியர்களைக் கூப்பிட்டுக்கொள்வீர்களா என்று பேச வேண்டும். பேசுவதைவிடக் காத்திருப்பது அதிகம். யாரோ ஒருவர் கூப்பிடுவதற்காக ஓட்டல் வரவேற்பறையில் கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்போம். எங்கள் துறையின் செயலாளர் தலைமையில் ஐந்தாறு ஆண்கள், கூடவே புடவை கட்டிய நான். குறிப்பெடுப்பவள் என்றுதான் முதலில் என்னைக் கூட்டிப் போனார்கள்.

உன் அப்பா ராணுவத்தில், குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாத எல்லைப் பக்கம் இருந்தார். டெல்லியில் என் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. அதனால்தான் உன்னை என் அண்ணன் வீட்டில் விட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் உண்மைதான். ஆனால் பேச்சுவார்த்தை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை. என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் எல்லாம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு ஒரு நாட்டு மந்திரி தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்.

மாமாவின் கடை தேரடிக்குப் பக்கத்தில். மளிகையோடு மண்ணெண்ணெய் லைசென்சும் உண்டு. எண்ணெய் லோடு வரும் நாளில் ரேஷன் கார்டும் டின்னுமாகப் பொழுது விடியும்போதே வரிசை கட்டிவிடும். நீ கல்லாவுக்கு உள்பக்கம் நின்று, ஒவ்வொரு டின்னிலும் புனலைப் பிடித்துக்கொண்டிருப்பாய். அத்தைக்குக் கைநாற்றம் பிடிக்காது. உனக்கு அந்த வாசனை பிடிக்கும். பொங்கலுக்கு நான் வந்தபோதும் அப்படித்தான் நின்றாய். வரிசையில் உன் உயரத்துக்கு ஒரு பெண், செல்வி. ஆற்றுப்பக்கத்துக் காலனியிலிருந்து வருவாள். அவள் அம்மா அஞ்சலை நடவுக்குப் போய்விடுவதால் பிள்ளைதான் நிற்க வேண்டும். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வருவதற்குள் யாரோ அவள் டின்னைக் காலால் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். டின் இருந்த இடத்திலேயே போய் நின்றுகொண்டாள். நான் கடையை ஒட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அதற்கு அடுத்த மாதம்தான் இந்த ஊருக்கு முதல் தடவை வந்தோம். மூன்று நாளாகப் பேச்சு நகரவில்லை. பணத்தை உடனே வைத்தால்தான் எண்ணெய் என்றார்கள். நம்மிடம் பணம் இல்லை. நான்காம் நாள் உட்கார்ந்ததும் இந்த நாட்டு எண்ணெய் மந்திரி வழக்கம்போல முதலில் குடும்பத்தை விசாரித்தார். அது இவர்களின் மரியாதை. வியாபாரம் அதற்கப்புறம்தான். எத்தனை பிள்ளைகள் என்று என்னைக் கேட்டார். ஒரு மகன், ஒன்பது வயது என்றேன். இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விளையாடிக்கொண்டிருப்பான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னேன்: "இன்று எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் கொடுக்கும் நாள். டின்னோடு வெயிலில் வரிசையில் நின்றுகொண்டிருப்பான். கிடைத்தால்தான் ராத்திரி விளக்கு வைத்துப் படிக்க முடியும்." எங்கள் செயலாளர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். மறுநாள் மத்தியானத்துக்குள், பணத்தைத் தவணையில் கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நீ வரிசையில் நின்றதே இல்லை. உனக்கு மேலே மின்சார விளக்கு எரிந்தது. எண்ணெய் போடுகிறவர் வீட்டுப் பிள்ளை நீ. நான் செல்வியின் கால்வலியை எடுத்து உன் முகத்தை ஒட்டிக் கொடுத்தேன். ஏன் அவளையே சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த ஒரு நொடியில் என் மனசு போட்ட கணக்கு இதுதான்: கூலிக்காரி மகள் வரிசையில் நிற்கிறாள் என்றால் மந்திரி ‘பாவம்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மகனே நிற்கிறான் என்றால் புரட்ட மாட்டார். கணக்கு சரியாகவே இருந்தது. அதனால்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. கப்பல் வந்தது, நின்றுபோக இருந்த ரயில்கள் ஓடின, உரத் தொழிற்சாலை மூடாமல் தப்பியது. எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. மாமா கடை வரிசை மட்டும் அதே நீளத்தில் இருந்தது.

திரும்பியதும் செயலாளர் பத்திரிகைக்காரர்களிடம் அந்தக் கதையைச் சொன்னார். என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தார். புதுச்சேரிப் பெண் அதிகாரியின் மகனும் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறான் என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஓசியில் பேப்பர் படிப்பாரே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, அவர்தான் அதை உரக்கப் படித்தாராம், எண்ணெய் போடும் நாளாகப் பார்த்து. வரிசையே சிரித்ததாம். "இன்னா செட்டியாரே, உங்க வூட்டுப் புள்ள க்யூவுல நிக்குதாமே. நாங்க ஒரு நாளும் பாக்கலியே, ராத்திரில வந்து நிக்குதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அத்தைக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் வளரும் பிள்ளைக்கு விளக்கெரிக்க எண்ணெய் இல்லையா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நீ மாமாவிடம் போய், அம்மா பொய் சொன்னாங்களா என்று கேட்டிருக்கிறாய். அவர் எரிச்சலில் இருந்தார். உங்கம்மா பெரிய ஆபீசர், ஆபீசருங்க சொன்னா அது பொய்யாவாது, போடா என்று விரட்டியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. லீவு கிடைத்ததும் உனக்கு ஒரு பொம்மைக் கப்பலை வாங்கிக்கொண்டு புறப்பட்டு வந்தேன். புதுச்சேரியில் பஸ் ஏறி, வில்லியனூரில் இறங்கி, பெட்டியோடு தேரடிப் பக்கம் திரும்பினால் வரிசை. அதில் நீ. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கையில் வீட்டு டின். உனக்குப் பின்னால் செல்வி. என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஓடி வரவில்லை நீ. இடத்தை விட்டு அசையாமல், "இரும்மா, முன்னால நாலு பேர்தான்" என்றாய்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். உள்ளே வாடா என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டுக் கொண்டிருந்தார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். உன் முறை வந்தபோது மாமா பீப்பாயைச் சாய்த்தார். உன் டின் நிறைந்தது, சொட்டும் நின்றது. தீர்ந்துபோய்விட்டது, அடுத்த லோடுக்கு வாங்க என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். செல்வி மட்டும் போகவில்லை. உன் டின்னைப் பார்த்தாள், அப்புறம் உன்னைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்குடா நின்ன? உங்க வூட்டுலதான் பீப்பாயே இருக்குதே."

நீ நேராக என்னிடம் வந்து டின்னைத் தூக்கிக் காட்டி, "நெசமாவே நின்னேம்மா. வெயில்லதான் நின்னேன்" என்றாய். நான் சொன்னதை மெய்யாக்கிக் கொடுத்துவிட்ட திருப்தி உன் குரலில் இருந்தது. கண்ணு, எந்தத் தாய்க்கும் பிள்ளை அப்படி ஒரு பரிசு கொடுக்கக் கூடாது.

சாயங்காலம் உன்னையும் அந்த டின்னையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். பரிகாரம் செய்துவிடலாம் என்ற நினைப்பு. அஞ்சலை நடவு முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேறு முழங்கால்வரை இருந்தது. செல்வி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் டின்னை நீட்டினேன். அஞ்சலை மறுக்கவில்லை, கும்பிடவும் இல்லை. தன் டின்னில் நிதானமாக ஊற்றிக்கொண்டு, எங்கள் டின்னின் வாயைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, உங்க புள்ள நிக்குதுன்னு சொன்னீங்களாமே. எம் பொண்ணு நிக்குதுன்னு சொல்லி இருந்தா குடுத்திருக்க மாட்டாங்களா?"

அவள் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடல் தாண்டி இருக்கிறவர்களின் குணம் எப்படி என்று போய்ப் பார்த்தவளிடம் விசாரித்தாள், அவ்வளவுதான். குடுத்திருப்பாங்க அஞ்சலை என்று சொன்னேன். அதுவும் பொய்யா என்று எனக்கே தெரியாது. நான் சொல்லிப் பார்க்கவே இல்லையே. சோதித்துப் பார்க்காமல் மந்திரியின் மனசை நானே குறுக்கிவிட்டேன். அந்த மந்திரி கோப்பையைக் கீழே வைத்தது என் பதவிக்காகவா, ஒரு குழந்தை வெயிலில் நிற்கிறது என்பதற்காகவா என்று இனிமேல் எனக்கு எப்படித் தெரியும்?

வரும் வழியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமே நான் நிக்கலன்னா நீ சொன்னது மறுபடியும் பொய்யாயிடுமா என்று கேட்டாய். கடைத்தெருவில் உனக்கு வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். பொம்மைக் கப்பலில் எத்தனை ஜன்னல் இருக்கிறது பார் என்று பேச்சை மாற்றினேன். பேச்சை மாற்றுவதற்கு எனக்குப் பழக்கம் உண்டு, சம்பளமும் உண்டு. மந்திரியிடம் சொன்னதைவிட இதுதான் பெரிய தப்பு என்று இப்போது படுகிறது. நீ கேட்டபோது உட்கார்ந்து, அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன், நீ நிற்க வேண்டாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் ஒன்று கேட்டால், கேட்ட இடத்திலேயே நின்று பதில் சொல். வேர்க்கடலை வாங்கிக் கொடுக்காதே.

டெல்லிக்குத் திரும்பியதும் செயலாளர் என்னை அழைத்தார். அவர் ஓய்வு பெறப் போகிறார். அதற்கு முன் வெளிநாட்டுப் பேச்சுவார்த்தை முழுவதையும் என் பொறுப்பில் விட ஏற்பாடு செய்துவிட்டார். இந்த வயதில், அதுவும் ஒரு பெண்ணுக்கு இது கிடைத்ததில்லை என்றார். தவணையை நீட்டித் தரும்படி கேட்க இதே ஊருக்கு நான் தலைமை தாங்கி வர வேண்டும். எழுந்து வெளியே வரும்போது கதவருகில் நிறுத்தி, உங்கள் பையன் விஷயத்தை மறுபடியும் ஞாபகப்படுத்துங்கள், அது மந்திரிக்குப் பிடித்துப் போயிருக்கிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது கோப்புகளோடு போய்த் தோற்றுத் திரும்பியவர். ஒரு வாக்கியம் ஜெயித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்புறம் அதை எப்படி விடுவார்? நான் சரி சார் என்றேன்.

விமானம் ஏறுவதற்கு முன் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரிகூட இல்லை. உன் பையன் பேச்சைக் கேட்பதில்லை என்று ஆரம்பித்திருந்தார். எண்ணெய் போடும் நாளில் புனல் பிடிக்க வருவதில்லையாம். வரிசையின் கடைசியில் போய் நிற்கிறாயாம். உனக்குப் பின்னால் யாராவது வந்தால் அவர்களுக்கு வழிவிட்டு மறுபடியும் கடைசிக்குப் போகிறாயாம். கையில் டின்கூட இல்லையாம். உன்னால் யாருக்கும் எண்ணெய் குறையக் கூடாது, நான் சொன்னதும் பொய்யாகக் கூடாது. ஒன்பது வயதில் இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாய். கலெக்டர், செயலாளர் யாருக்கும் தோன்றியிருக்காது. ஏன்டா இப்படி உசிரை வாங்கற என்று அத்தை அழுதபோது நீ சொன்ன பதிலை மாமா அப்படியே எழுதியிருந்தார். "அம்மா மாத்திச் சொல்ற வரைக்கும் நிப்பேன்."

நேற்று இரவு விருந்தில் மந்திரி என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். முதல் கேள்வியே நீதான். பையன் எப்படி இருக்கிறான், இன்னும் வரிசையில் நிற்கிறானா என்று அக்கறையோடு கேட்டார். நிற்கிறான் என்றேன். பொய் இல்லை, பார்த்தாயா? என் பொய்யை நீ உண்மையாக்கி வைத்திருந்ததால், நேற்று நான் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடிந்தது. அறைக்கு வந்து முகத்தைக் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இன்று மூன்று மணிக்கு, குடும்ப விசாரிப்பு முடிந்து காகிதங்களைத் திறப்பதற்குள், மாற்றிச் சொல்லப் போகிறேன். என் மகன் எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் வளர்கிறான், நான் சொன்ன அன்று அவன் நிற்கவில்லை, நின்றவள் செல்வி என்ற பெண், அவள் அம்மா நடவு நடுகிறவள், அவர்களுக்காகத்தான் கேட்கிறேன், அவர்களுக்காகக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். காலையில் என் குழுவில் ஒருவரிடம் சொன்னேன். வேண்டாம் மேடம், நாட்டின் மரியாதை போய்விடும் என்றார். போகலாம். தவணையை நீட்டாமல் விடலாம். அப்படி ஆனால் ரயில் நிற்கும், உரம் வராது, அஞ்சலைக்கு நடவு வேலையும் குறையும். என் மகனை வெயிலிலிருந்து கூட்டி வர இத்தனை பேரைப் பணயம் வைக்கலாமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் போன தடவையும் இப்படித்தான் எல்லாருடைய நன்மைக்கும் என்று சொல்லி உன்னைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினேன்.

சொல்லி முடித்ததும் தந்தி ஆபீசுக்குப் போவேன். என்ன எழுத வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். அம்மா மாற்றிச் சொல்லிவிட்டேன், வீட்டுக்குள் போ. அவ்வளவுதான். மாமா உனக்குப் படித்துக் காட்டுவார்.

அந்தத் தந்தி வந்ததா இல்லையா என்பது இதைப் படிக்கும் உனக்குத் தெரியும், எழுதுகிற எனக்குத் தெரியாது. வந்திருந்தால், உன் அம்மா ஒரு தடவையாவது கேட்ட இடத்தில் நின்று பதில் சொன்னாள் என்று வைத்துக்கொள். வராமல் போயிருந்தால், அன்று மூன்று மணிக்கு நான் மறுபடியும் பேச்சை மாற்றிவிட்டேன் என்று அர்த்தம். அதற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதே. எனக்காக எங்கேயும் போய் நிற்காதே. வரிசையை விட்டு வந்துவிடு, கண்ணு.

மணி இரண்டே முக்கால். கீழே வண்டி வந்துவிட்டது. புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறேன்.

உன் அம்மா